கராம்பு மணக்கவில்லை என்றாய்

கீழ்த்தளத்தில் யாரோ புரியாணிக்குக் கராம்பு வறுக்கிறார்கள். படிக்கட்டு வழியே ஏறி வந்த மணம் கதவுக்குள் நுழைந்ததும் கைவேலையை விட்டுவிட்டேன். உனக்கு எழுதாமல் இனி இருக்க முடியாது.

வெள்ளவத்தையில் கடல் பக்க ஒழுங்கையில், உன் நாலாம் மாடிக் குசினியில் மூன்று வருடம் சேர்ந்து சவர்க்காரம் செய்தோம். காஸ்டிக் சோடாவை நிறுப்பது நான். நிறமும் மணமும் உன் பொறுப்பு. நான் ஊற்றிய செவ்வரத்தம்பூச் சாறு சிவக்காமல் சாம்பல் நிறமானபோது அழாக்குறையாக நின்றேன். "பூவை நம்பாதையடி" என்று சிரித்தபடி, மஞ்சிட்டி வேரை எண்ணெயில் ஊறவைத்து இளஞ்சிவப்பைக் கொண்டுவந்தாய். வாசனை எண்ணெயை நீ அளந்ததே இல்லை. சொட்டுச் சொட்டாக விட்டு, முகர்ந்து, "காணும்" என்று நிறுத்திவிடுவாய்.

ஒரு மழை நாள் பின்னேரம், நான் இரண்டாம் மாடி ஏறும்போதே கராம்பு மூக்கில் குத்தியது. மேலே நீ பாத்திரத்தின்மேல் குனிந்து இன்னும் விட்டுக்கொண்டிருந்தாய். கராம்பெண்ணெய் கூடிப்போய், கலவை கல்லாக இறுகியிருந்தது.

"மணம் வரேல்லையே. கலப்பட எண்ணெய் போல."

"உனக்கு மூக்கடைச்சுத் தடிமன் பிடிச்சிருக்கு."

"ஓம், இருக்கும்."

தடிமன் இல்லை. அடுத்த கிழமை அடுப்பில் பால் கருகிக்கொண்டிருக்க, நீ முதுகைக் காட்டியபடி வேர் நறுக்கிக்கொண்டிருந்தாய். நான்தான் ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன். அப்போதுதான் சொன்னாய்.

"எனக்கு ஒரு மணமும் தெரியேல்லையடி. தலையும் இடிக்குது."

"வா, டொக்டரிட்டப் போவம்."

"மகளின்ர கலியாணம் முடியட்டும். இப்ப சொன்னா அவள் எல்லாத்தையும் நிப்பாட்டிப்போடுவாள். ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு சொல்லு."

சொன்னேன். அதன்பிறகு நீ போத்தலை நீட்டுவாய், நான் முகர்ந்து தலையாட்டுவேன். கலியாண மண்டபத்தில் எல்லோரும் நம் சவர்க்காரத்தை முகர்ந்து பாராட்ட, நீயும் ஒன்றை மூக்கருகே கொண்டுபோய்ச் சிரித்தாய். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் நான் பந்திப் பக்கம் போய்விட்டேன்.

நெற்றிக்குப் பின்னால் கட்டி என்று கலியாணம் முடிந்தபிறகு எடுத்த ஸ்கானில் தெரிந்தது. "கொஞ்சம் முந்தி வந்திருக்கலாம்" என்றார் டொக்டர். ஒபரேஷனுக்குப் பிறகு நீ கண் திறக்கவில்லை.

செத்தவீட்டில் உன் மகள் என் கையைப் பிடித்துக் கேட்டாள். "அன்ரி, அம்மாவுக்கு முதலே ஏதும் தெரியுமோ?"

"இல்லைப் பிள்ளை" என்றேன்.

போன ஞாயிறு வந்தாள். வயிற்றில் ஐந்து மாதம். உன்னைப் போலவே கதிரை நுனியில் உட்கார்ந்தாள். என்னால் தாங்க முடியவில்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எழுந்து நின்றாள்.

"எத்தனை கிழமை மறைச்சனீங்கள், அன்ரி?"

"ஒன்பது."

செருப்பை மாட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கினாள். நான் கோல் எடுத்தாலும் அவளுடைய போன் அடித்தடித்து ஓய்கிறது.

நீ கேட்டதைத்தான் செய்தேன். அந்த ஒன்பது கிழமையில் ஒரு நாளாவது உன்னோடு சண்டை பிடித்திருக்கலாம்.