கிடாரத்தின் மேல் விழுந்த பழி

ஜனவரி 3, வெள்ளி

வா கொப்பி, இரு. சுகமா இருக்கிறாயா? மழைக்கு நனையவில்லையே? வெள்ளம் இந்த முறை கட்டில் கால் வரை வந்தது. உன்னை அலுமாரிக்கு மேல் ஏற்றி வைத்தது என் மனுசி டல்சி. என்னை ஏற்றி வைக்க ஆளில்லை, மேசையில் குந்திக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுத் தாரா ஒன்று குசினி யன்னலால் நீந்தி வந்து, எங்கள் வாளிக்குள் முட்டையிட்டுவிட்டுப் போனது. அந்த முட்டை யாருடையது என்று டல்சிக்கும் அந்த வீட்டுக்காரிக்கும் இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் முட்டை கூழாகிவிட்டது, பேச்சு வந்துவிட்டது. எங்கே விட்டேன்? நான் இன்னும் தொடங்கவேயில்லை. ஓம், கிடாரம்.

றிக்கியின் கிடாரம் முடிந்தது. அறுபது லீற்றர்ச் சட்டி, ஸ்டெயின்லெஸ், அடியில் ஒரு குழாய். ஒட்டிய இடத்தில் விரலை ஓட்டினால் ஒட்டு எதென்று தெரியாது. நாற்பது வருசமாக வெல்டிங் செய்கிறேன், கோயில் கேற்றில் இருந்து ஹோட்டல் குசினி வரைக்கும். இவ்வளவு வடிவாக ஒட்டியதில்லை. கை நடுங்காமல் ஒட்டியதும் இதுதான் முதல்.

நீ புதுக் கொப்பி, உனக்குப் பழைய கதை தெரியாது. நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். குடியை விட்டது போன மார்ச்சில். குடியை விட்டவர்களுக்குக் கூட்டம் நடத்துகிற ஃபாதர்தான், "கை சும்மா இருந்தா கிளாஸைத் தேடும் அல்பர்ட், பேனையைப் பிடி" என்றார். பிடித்தேன். பத்து மாதத்தில் ஒரு கொப்பி முடிந்தது. நீ இரண்டாவது.

றிக்கி எங்கள் ஒழுங்கையில் மூன்று வீடு தள்ளி, வாவியோரத்து வீட்டில் இருக்கிறான். மெல்பேணில் பத்து வருசம் இருந்துவிட்டுப் புளியந்தீவுக்கே திரும்பி வந்தவன். மற்றவர்கள் சொக்லேற் கொண்டு வருவார்கள், இவன் ஈஸ்ட் கொண்டு வந்தான். வீட்டில் பியர் காய்ச்ச ஒரு சங்கமும் வைத்துவிட்டான். பெயர் வாவி நுரைச் சங்கம். தலைவர் அவன். பேங்கில் வேலை செய்கிற நிதுர்ஷன் எல்லாவற்றையும் அளந்து, பெயர் எழுதி ஒட்டுகிறவன். மூன்றாவது றிக்கியின் மச்சான் ஜேமி, தலைவர் சொல்வதற்குத் தலையாட்டுகிறவன். யாராவது கேட்டால் இஞ்சிச் சோடா என்று சொல்ல வேண்டுமாம்.

குடியை விட்டவன் பியர்ச் சங்கத்துக்குக் கிடாரம் செய்யலாமா? டல்சியிடம் கேட்டேன். "செய்யுங்க. ஆனா ஒரு வாய் பட்டுது எண்டால், நான் பெட்டியைக் கட்டிட்டு டச்பாருக்குப் போயிருவன்" என்றாள். டச்பாரில் அவள் தங்கச்சி பிறிசில்லா இருக்கிறாள். டல்சி சும்மா சொல்கிறவள் இல்லை. ஒருமுறை போனவள்தான், நான் குடியை விட்ட பிறகுதான் வந்தாள். அந்தப் பெட்டியை இன்னும் கட்டிலுக்குக் கீழேதான் வைத்திருக்கிறாள். வெள்ளத்தில் அதையும் அலுமாரிக்கு மேல் ஏற்றினாள், உனக்குப் பக்கத்தில்.

ஜனவரி 4, சனி

வெள்ளம் வற்றியதால் சுகாதாரப் பகுதி பி.எச்.ஐ. ஆட்கள் வந்து ஒழுங்கைக் கிணறுகள் எல்லாவற்றிலும் கிருமி கொல்லுகிற வெள்ளைப் பவுடரைக் கொட்டிவிட்டுப் போனார்கள். முகம் கழுவினால் ஆஸ்பத்திரியில் கிடக்கிற மாதிரி இருக்கிறது. தேத்தண்ணியை வாயில் வைக்க முடியவில்லை. மனுசன் எதைத்தான் குடிக்கிறது?

ஜனவரி 5, ஞாயிறு

சங்கம் ஏழாம் தரம் காய்ச்சிய நாள். குழாய் ஒழுகுகிறதா என்று பார்க்கப் பத்து மணிக்குப் போனேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. கிடாரம் கொதித்துக்கொண்டிருந்தது. உள்ளே வெளிநாட்டு மோல்ட் பார்லியோடு நிதுர்ஷனின் கிரான் வட்டையில் விளைந்த சிவப்பரிசியும். கஞ்சிதான். கஞ்சி என்று சொன்னேன், மூன்று பேரும் நான் கோயிலுக்குள் சுருட்டுப் பற்ற வைத்த மாதிரிப் பார்த்தார்கள்.

றிக்கி விடியவே எழும்பி, ஒருவரையும் தொடவிடாமல், தானே கிணற்றில் தண்ணி அள்ளி ஊற்றினானாம். "பைப் தண்ணி முழுக்கக் குளோரின், அங்கிள். கிணத்துத் தண்ணியிலதான் இந்த மண்ணின்ர உயிர் இரிக்கி." நேற்றுத்தானே பவுடர் போட்டார்கள் என்று கேட்க வாயெடுத்தேன். மறுகா யோசித்தேன். றிக்கியின் மூக்கு ஊரறிந்த மூக்கு. போன மாதம் ஜேமி காய்ச்சியதைக் கண்ணை மூடி மணந்துவிட்டு, "பச்சை மாங்காய், பின்னால ஈரப்புல்லு" என்று சொன்ன மூக்கு. ஒரு கையில் கிளாஸ், மற்றக் கையில் போன். அப்படிப்பட்ட மூக்குக்குப் பவுடர் தெரியாமல் போகுமா? வேறு கிணறாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஜனவரி 14, செவ்வாய்

நிதுர்ஷன் வீட்டுப் பொங்கல் வந்தது. நல்ல பொங்கல். கூடவே பரல் குமிழி விடுகிற வீடியோவும் காட்டினான், பிள்ளை நடை பழகுவதைக் காட்டுகிற மாதிரி. எட்டு நிமிசம் பார்த்தேன். குமிழிதான்.

பெப்ரவரி 2, ஞாயிறு

இன்றைக்குப் போத்தல் திறந்தார்கள். கிடாரம் செய்தவர் என்று என்னையும் கூப்பிட்டார்கள். விறாந்தையில் கதிரை போட்டிருந்தது. எனக்கு இளநீர்.

முதலில் நிதுர்ஷன் குடித்தான். முகம் காய்ந்த எலுமிச்சை மாதிரிச் சுருங்கியது. "மச்சான், ஆஸ்பத்திரி வாட்டுக்குள்ள போன மாதிரி இரிக்கிடா." ஜேமி ஒரு வாய் எடுத்தான். "இல்ல மச்சான், பெல்ஜியத்தில இதுக்கெண்டே லைன்ல நிக்கிறாங்களாம்." சொன்னவன் இரண்டாம் வாய் எடுக்கவில்லை. தலைவர் கிளாஸைச் சுற்றினார், கண்ணை மூடினார், திறந்து போனைப் பார்த்தார்.

"மெட்டல்," என்றான் றிக்கி. "இரும்பு ஊறியிரிக்கி. ஒட்டில பிழை."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

நாப்பது வருசம், கொப்பி! நான் குடிச்சிட்டு வாய்க்காலுக்குள்ள கிடந்த காலத்திலயும் என்ர ஒட்டில ஒருத்தன் கை வச்சுக் குறை சொன்னதில்ல. குடிக்காம ஒட்டினதுக்குச் சொல்றானுகள். மெட்டலாம்! மெட்டல் எண்டா என்னெண்டு இவனுக்குத் தெரியுமா? என்ர நகத்துக்குள்ள இரிக்கிறது மெட்டல்!

"நீங்களே ஒரு வாய் குடிச்சுப் பாருங்க அங்கிள்," என்று கிளாஸை என் கையில் வைத்தான் றிக்கி. "உங்கட ஒட்டுத்தானே, உங்களுக்குத் தெரியும்."

வைத்துவிட்டான். குளிர். நுரை விரலில் வழிந்தது. மணந்தால் விழுவேன் என்று எனக்குத் தெரியும், என்னுடைய விழுகை எப்போதும் மூக்கில்தான் தொடங்கும். மூச்சைப் பிடித்தேன். ஒரு வாய்தானே? என் தொழிலுக்காகத்தானே? டல்சிக்குச் சொன்னால் விளங்காதா? — எத்தனை தரம் இப்படிக் கேட்டிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. கிளாஸை விறாந்தை அரைச்சுவரில் வைத்துவிட்டு எழும்பி வந்தேன். கேற்றடியில் ஜேமி சொன்னது கேட்டது. "பிழை இல்லையெண்டால் குடிச்சிருப்பாரேடா."

பெப்ரவரி 3, திங்கள்

விரலில் அந்தக் குளிர் போகவில்லை. டல்சி கட்டிலுக்குக் கீழே கூட்டினாள். பெட்டியை இழுத்து, தூசு தட்டி, திரும்ப உள்ளே தள்ளினாள்.

பெப்ரவரி 4, செவ்வாய்

நான் குசினி வேலை செய்து கொடுக்கிற ஹோட்டல்காரர் போன் பண்ணினார். "அல்பர்ட், நீங்க ஒட்டின சட்டியில இரும்பு ஊறுதாமே, உண்மையா?" ஜேமியின் வாய். தபால்காரனை விட வேகமாகப் போகிறது. குடிச்சுக் காட்டினால் கதை முடியும். குடிச்சால் வீடு முடியும்.

பெப்ரவரி 6, வியாழன்

நான் மூன்றாம் வகுப்பு. அவர்கள் மூன்று பேரும் படித்தவர்கள். ஆனால் இரும்பு ஊறுகிறது என்றால் பியருக்கு மட்டுமா ஊறும், தண்ணிக்கு ஊறாதா? இதை யோசிக்க எனக்கு மூன்று நாள் பிடித்தது, அவர்களுக்கு இன்னும் நாள் பிடிக்கிறது.

நேற்று றிக்கி வீட்டிலிருந்து கிடாரத்தைத் தோளில் வைத்துக் கொண்டு வந்தேன். கடையில் வாங்கிய தண்ணியை ஊற்றிக் கொதிக்க வைத்து, அப்படியே விட்டேன். இன்றைக்குக் காலையில் ஒரு கப் எடுத்து முதலில் டல்சிக்குக் கொடுத்தேன். வாய்க்குள் வைத்துச் சுற்றினாள், றிக்கியை விட வடிவாகச் சுற்றினாள்.

"தண்ணி தண்ணி மாதிரித்தான் இரிக்கி."

"இரும்பு?"

"இரும்பும் இல்ல, தகரமும் இல்ல. அவனுகள் என்ன மாதிரி இரிக்கி எண்டு சொன்னானுகள்?"

"நிதுர்ஷன் ஆஸ்பத்திரி எண்டான். றிக்கி மெட்டல் எண்டான்."

"ஆஸ்பத்திரி எண்டால் பி.எச்.ஐ. போட்ட பவுடர்தானே?" என்றாள். பாண் வெட்டிக்கொண்டேதான் சொன்னாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பெப்ரவரி 8, சனி

நிதுர்ஷன் ஒவ்வொரு தரம் காய்ச்சும்போதும் தண்ணியில், அரிசியில், எல்லாவற்றிலும் ஒரு போத்தல் சாம்பிள் எடுத்து மூடி வைக்கிறவன். காலையில் அவன் வீட்டுக்குப் போனேன். ஃப்ரிட்ஜில் மீனுக்குப் பின்னால் இருந்தது: "தொகுதி 7. தண்ணீர். 05.01. காலை 6.10." றிக்கியே நிரப்பி மூடிக் கொடுத்ததாம், மூடி அப்படியே இருந்தது.

"ஒரு மாசமா ஏன் மகன் இதைத் திறந்து பாக்கல்ல?"

"சாம்பிளைத் திறந்தால் அது சாம்பிள் இல்லயே அங்கிள்."

பேங்கில் இவனிடம் பணத்தைப் போடலாம், எடுக்க முடியாது. வாங்கி வந்து ஒழுங்கையில் வைத்துத் திறந்தேன். மூக்கில் அறைந்தது. வெள்ளைப் பவுடர், சத்தியமாக வெள்ளைப் பவுடர்.

நேரே றிக்கியிடம் போனேன். தனியே இருந்தான். அவன் முகத்தில் அடிக்க வேண்டும் போல இருந்தது, அடிக்கவில்லை. போத்தலை நீட்டினேன். "அண்டைக்கு அள்ளின தண்ணி. மணந்து பார்."

மணந்தான். கண்ணை மூடினான். "அருமையான தண்ணி அங்கிள். லேசா மண் வாசம்."

அப்போதுதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. என் தொழில் பையில் பெயின்ற் தின்னர் போத்தல் எப்போதும் இருக்கும். மூடியைத் திறந்து நீட்டினேன். "இது புதுசா ஒருத்தன் காய்ச்சினது. என்ன சொல்றாய்?"

மூக்கை உள்ளே விட்டே மணந்தான். பக்கத்து மதிலில் இருந்த பூனை எழும்பிப் போய்விட்டது. றிக்கி சொன்னான், "தோடம்பழப் பூ. அடியில ஒள்ளம் தேன், ஒரு துளி."

நான் சிரிக்கவில்லை. சிரிப்பு வந்தது, பிறகு போய்விட்டது. தின்னரை அவன் கையில் ஊற்றினேன். கை சில்லிட்டதும் கையைப் பார்த்தான், போத்தலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். படிக்கட்டில் குந்திவிட்டான்.

"நாலு வருசம் அங்கிள். கொரோனா வந்து போனதில இருந்து ஒண்டும் மணக்கிறல்ல. மீனும் ஒண்டுதான், சவுக்காரமும் ஒண்டுதான்."

"அப்ப மாங்காய், ஈரப்புல்லு?"

"போன்ல எழுதி வச்சிரிக்கன்."

"மெட்டலும் போன்ல இருந்துதா?"

தலையைக் குனிந்தான். "பிழையான ருசி எண்டு தேடினன். முதல்ல வந்தது அதுதான். மெல்பேண்ல நான் போட்டிக்கு ஜட்ஜா இருந்தவன். ஆக்களுக்குத் தெரிஞ்சால் நான் ஆரு அங்கிள்?"

அந்த முழி எனக்குத் தெரியும். ஏலக்காயை மென்றுகொண்டு வாசலில் நின்று, டல்சிக்கு ஒன்றும் தெரியாது என்று நான் முழித்த முழி. பத்து வருசம் முழித்திருக்கிறேன்.

"உன்ர மூக்கைப் பத்தி நான் வாய் திறக்கமாட்டன்," என்றேன். "என்ர ஒட்டைப் பத்தி நாளைக்கு நீ திறக்கணும். ஹோட்டல்காரருக்கும் நீயே போன் பண்ணணும்."

பெப்ரவரி 9, ஞாயிறு

வாய் திறந்தான். "கிடாரத்தில குற்றமில்ல, கிணத்துப் பவுடர்தான். பிழை என்னில" என்று எழும்பி நின்று சொன்னான். ஜேமி, "எனக்கு அண்டைக்கே தெரியும்" என்றான். பெல்ஜியக்காரர்கள் லைனில் நின்ற அந்தப் பியர் முழுவதும் ஒழுங்கையோரக் கழிவுக் கானுக்குள் போனது. தவளை ஒன்று வெளியே பாய்ந்தது.

பெப்ரவரி 16, ஞாயிறு

எட்டாம் தரம் காய்ச்சினார்கள். சங்கத்தில் எனக்கும் பதவி: தண்ணி மேற்பார்வையாளர். வேலை உண்மையில் வேறு. போத்தல் திறக்கிற நாளில் றிக்கி கிளாஸோடு குசினிக்குள் வருவான், நான் மணந்து காதுக்குள் சொல்வேன், அவன் விறாந்தைக்குப் போய் நீட்டி முழக்குவான். இன்றைக்குப் பழைய போத்தல் ஒன்றில் பழகிப் பார்த்தோம், பயந்த மாதிரி மூக்கு என்னை விழுத்தவில்லை. வேண்டுமென்றே, "மழைக்குப் பிறகு ஆட்டுக்கொட்டில்" என்றேன். அதை அப்படியே போய்ச் சொன்னான். நிதுர்ஷன் எழுதிக்கொண்டான். ஜேமி கண்ணை மூடி, "ஓம் மச்சான், கிடா ஆடு" என்றான்.

மார்ச் 9, ஞாயிறு

இன்றோடு ஒரு வருசம். ஃபாதர் கூட்டத்தில் கை தட்டினார்கள். ஒருவன் கேக் கொண்டு வந்தான், அதற்குள் பிராண்டி விட்டிருந்தது, திருப்பி அனுப்பினோம்.

ஆனால் கொப்பி, உனக்குப் பொய் சொல்லக் கூடாது. எட்டாம் தரம் காலையில் திறந்தார்கள். தண்ணி நான் பார்த்தது, மணம் நல்ல மணம். வறுத்த அரிசி, சுடச்சுடப் பாண். வாயூறியது. கிளாஸை றிக்கியின் கையிலேயே திருப்பி வைத்தேன். பிறகு வருவதாகச் சொல்லி வீட்டுக்கு வந்து டல்சியிடம் கேட்டேன், "மூக்கால குடிக்கிறதும் குடிக்கிறதா?"

"வாயை என்னட்ட விட்டிட்டு மூக்கை மட்டும் கொண்டு போங்க," என்றாள். "பெட்டியைத் தேடாதீங்க. பிறிசில்லா கொழும்புக்குப் போறாள், கேட்டாள், குடுத்திட்டன். திருப்பித் தர வேணாம் எண்டும் சொல்லிட்டன்."

கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தேன். தூசியில் ஒரு சதுரம் மட்டும் சுத்தமாக இருந்தது. அதை விளக்குமாற்றால் நானே கூட்டினேன். இப்போது றிக்கிக்கு என்ன சொல்லிக் கொடுப்பது என்று யோசித்து வைத்திருக்கிறேன். இந்த முறை ஆட்டுக்கொட்டில் இல்லை, உண்மையான மணம்தான், அது எப்படி என்றால், முதலில் வறுத்த அரிசி, பிறகு அடியில் லேசாக

"இஞ்ச வாங்க, உங்கட மூக்கைத் தேடி ஆள் வந்து நிக்கிது!" — டல்சி. வாறன், வாறன். ஆ, அடியில் லேசாக ஒரு