நாற்பது லாரிகளை முந்திய முழங்கால்

பிப்ரவரி 2, திங்கள். பனி. எதிரே டாங்கர் லாரி நின்றாலும் தெரியாத பனி.

இன்றுமுதல் இந்த நோட்டில் எழுதப்போவதை எந்த மனிதனும் நம்பமாட்டான் என்று என் இரண்டு முழங்கால்கள் மீதும் சத்தியம். சத்தியம் செய்யும்போதே இடதுகால் ‘கடக்’ என்றது.

விஷயம் இதுதான். மில்லில் நான் ஓட்டும் கிரேன் கூரைக்கு அடியில். கேபினுக்கு இரும்பு ஏணி, முப்பத்தெட்டுப் படி. இருபத்தாறு வருடமாக என் சிம்மாசனம் அங்கே. போன வாரம் பாதி ஏணியில் முட்டி பிடித்துக்கொண்டது. நாலு பேர் சேர்ந்து இறக்கினார்கள். (வீட்டுக்காரி எஸ்தரிடம் சொன்ன கணக்கு: இருபது பேர், ஒரு கயிறு.)

சூப்பர்வைசர்: “இருபத்தெட்டாம் தேதி யாரும் புடிக்காம ஏறிக் காட்டு நைனா. முடியலன்னா கேட்ல உக்காந்து பாஸ் எழுது. எனக்கு பேஜாரு வேணாம்.”

ராஜா வாசலில் உட்கார்ந்து சீட்டு எழுதுவதா?

டாக்டரம்மா: “தொடைக்கு பலம் வரணும். ஒரு லைட் கம்பம் ஓடுங்க, ரெண்டு கம்பம் நடங்க. வீரம் வேணாம்.”

பிப்ரவரி 3

ஓடினேன். பதினொரு கம்பம், ஒரே மூச்சில். எளாவூரே நடுங்கியது. காலில் மில்லில் கொடுத்த சேஃப்டி ஷூ, இரும்பு முனை வைத்தது.

மாலை முட்டி பூசணிக்காய்.

எஸ்தர்: “இன்னாய்யா இது? ஓடறதுக்கு இரும்பு ஷூவையா மாட்டிக்கினு போவாங்க?”

“ஊட்ல வேற ஷூ இல்லியே.”

“புத்தியும்தான் இல்ல.”

ஐஸ். தைலம். திட்டு. மூன்றும் வேளைக்கு ஒன்று.

பிப்ரவரி 9

வீக்கம் வடிந்தது. காதர் தன் பழைய ஓட்ட ஷூவைக் கொண்டுவந்தான். கிரேனுக்குக் கீழே நின்று கொக்கியில் சுமை மாட்டுகிறவன். இருபது வருடமாக அவன் கையைக் காட்டுவான், நான் தூக்குவேன். அந்தச் சத்தத்தில் வாய்க்கு வேலை இல்லை.

ஷூ ஒரு சைஸ் பெரிது. முனையில் பஞ்சு அடைத்தேன்.

“என் ஷூவப் போட்டுக்கினு தோத்துடாதே நைனா. ஷூவுக்குக் கெட்ட பேரு.”

ஒரு கம்பம் ஓட்டம், இரண்டு கம்பம் நடை. ஒரு நாய் துணைக்கு வந்து, சலித்துப்போய்த் திரும்பிவிட்டது.

பிப்ரவரி 17. பனி குறைவு.

செக்போஸ்ட் பக்கம் சர்வீஸ் ரோட்டில். கல்கத்தா ஹைவேயில் முப்பத்தொன்பது லாரிகளை முந்தினேன்! பல் தேய்த்துக்கொண்டிருந்த கிளீனர் ஒருவன்: “நைனா, இப்டி ஓடறதுக்கு டப்பு எத்தினி தர்றாங்க?”

எஸ்தரிடம் சொன்னேன்.

“லாரிங்க நின்னுக்கினு இருந்துச்சா?”

பெண்களுக்கு வீர வரலாறு புரிவதில்லை.

வாங்க வேண்டியவை: தைலம், பஞ்சு. கேஸ் சிலிண்டர் புக் பண்ண வேண்டும்.

பிப்ரவரி 23

இன்று நாற்பதாவது லாரி. நகர்ந்துகொண்டிருந்த லாரி. அதையும் முந்தினேன். காதர் நாஷ்டா தட்டை வைத்துவிட்டு ஐந்து நிமிடம் சிரித்தான். “ஏரோப்ளேன் ஒண்ணும் வர்லியா?”

பிப்ரவரி 26

ஓடவில்லை. வலி. ஜோக் எதுவும் வரவில்லை.

கேட்டில் உட்கார்ந்தால் சம்பளம் அதேதான். கூரைச் சூடு இல்லை, ஏணி இல்லை. ஆனால் அங்கிருந்து காதரின் கை தெரியாது.

பிப்ரவரி 28, சனி. வெயில் ஆரம்பம்.

தைலம் இரண்டு தடவை. ஷூவில் புதுப் பஞ்சு.

ஏறினேன். ஆயிரம் பேர் அண்ணாந்து பார்த்தார்கள். (பதினொரு பேர்.) பத்துப் படி பறந்தேன். இருபத்திரண்டில் முட்டி பூட்டிக்கொண்டது. கம்பியைக் கட்டிப்பிடித்தபடி நின்றேன்.

சூப்பர்வைசர் குரல்: “யாராவது ஏறிப் புடிங்கப்பா.”

கீழே விசில். காதர். “எவனும் ஏறாதீங்கடா! சிக்னல் நான் குடுத்துக்கினு இருக்கேன்ல?”

குனிந்து பார்த்தேன். ஆள்காட்டி விரல் மேலே, சின்னச் சின்ன வட்டம். ‘தூக்கு.’

அந்த விரலுக்கு நான் ஒரு நாளும் மறுத்ததில்லை. இன்று சுமை நானே. எழுபத்தெட்டு கிலோ. தூக்கினேன். ஒரு படி, இரண்டு மூச்சு. ஒரு படி, இரண்டு மூச்சு. முப்பத்தெட்டு.

கேபினில் உட்கார்ந்ததும் கீழே பார்த்தேன். கையை நீட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்தான். ‘நிறுத்து.’ பிறகு கண்ணைத் துடைத்தான். தூசி என்பான்.

சூப்பர்வைசர் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டார். மாலை ஷிப்ட் போர்டில் பார்த்தேன்: திங்கட்கிழமை காலை ஷிப்ட், கிரேன், என் பெயர்.

எஸ்தரிடம் ஆறே விநாடியில் ஏறினேன் என்றேன். “லாரி கத மாதிரியா?” என்றாள்.

சரி, இந்த நோட்டில் மட்டும் ஒப்புக்கொள்கிறேன். முப்பத்தொன்பது லாரியும் நின்றுகொண்டிருந்தவை. நாற்பதாவது நிஜமாகவே ஓடிக்கொண்டிருந்தது. முதல் கியரில்தான். ஆனால் ஓடிக்கொண்டிருந்தது.