பச்சை என்று எழுதிய பக்கம்

அன்புள்ள சிட்டுக்கு,

அப்பா எழுதுகிறேன். மூட்டு வலியைத் தவிர உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. அந்த வலியும் இப்போது வீட்டு ஆள் மாதிரி ஆகிவிட்டது. மெயில் அனுப்பத் தெரிந்தும் இந்த மனுஷன் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறார் என்று நினைப்பாய். மெயிலில் எழுதினால் பாதி படிக்கும்போதே போன் செய்து, ஒண்ணும் இல்லப்பா என்று என் வாயை அடைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி மறிக்க முடியாது. முழுக்கப் படித்துவிட்டுப் பேசு.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். உங்கள் ஆபீசில் செய்த கவசம் என்று என் கம்ப்யூட்டரில் ஒன்று போட்டுக் கொடுத்தாய் அல்லவா? பிரவுசரின் மூலையில் உட்கார்ந்திருக்கிறதே, அந்தச் சின்னக் கேடயம். நான் திறக்கும் இணையப் பக்கம் ஒழுங்கானது என்றால் பச்சை. பக்கத்துக்குள் ஒளிந்துகொண்டு எவனாவது என் கம்ப்யூட்டரை வைத்துத் தனக்குக் கிரிப்டோ என்கிற இணையக் காசு தோண்டிக்கொண்டிருந்தால் சிவப்பு; அதை அமுக்கினால் திருட்டைத் தடுத்தும் விடும். நீ இதை விளக்கியபோது, கிணறு நம்மளது, மோட்டார் நம்மளது, கரண்டும் நம்மளது, தண்ணி மட்டும் எவன் தோட்டத்துக்கோ போகுது, அதானே என்று கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தாய். ஆபீசிலும் போய்ச் சொன்னாயாம். முப்பத்தெட்டு வருஷம் பட்டறையில் மோட்டாருக்குக் கம்பிச் சுருள் கட்டியவனுக்கு வேறு என்ன உதாரணம் வரும்?

ஞாயிறுதோறும் போன் செய்து, இந்த வாரம் எத்தனை சிவப்புப்பா என்று கேட்பாய். நானும் குறித்து வைத்த நோட்டைப் பார்த்து வாசிப்பேன். பழைய பாட்டு கேட்கிற பக்கம், சிவப்பு. ஓசியில் படம் பார்க்கிற பக்கம், சிவப்பு. மூட்டு வலிக்கு வைத்தியம் சொல்கிற பக்கமும் சிவப்பு. அவன் வைத்தியமும் கேட்கவில்லை. கவசத்தைச் சோதித்துச் சொல்கிறவர்களிலேயே நான்தான் ஒழுங்கு என்று நீ சொன்னதை மாடி வீட்டுக் கம்பவுண்டரிடம் நாலு முறை சொல்லியிருக்கிறேன். ஐந்தாவது முறை போனபோது அவர் கதவைத் திறக்கவில்லை.

அந்த ஒழுங்கான ஆள் ஒரு பக்கத்தை மட்டும் பொய்யாகப் பச்சை என்று எழுதினான்.

அது வெளிநாட்டில் நீ இருக்கிற ஊர்த் தெருக்களைக் கேமராவில் காட்டுகிற பக்கம். கவசம் வருவதற்கு முன்பே நான் தேடிப் பிடித்தது. ஆபீசுக்கு நடந்து போகிற வழியில் ஒரு மருந்துக்கடை முனை என்று சொல்வாயே, அந்த முனை அதில் தெரிகிறது. அரை நிமிடத்துக்கு ஒரு முறை படம் மாறும். உனக்கு அங்கே காலை எட்டு பத்து என்றால் எனக்கு இங்கே பகல் பன்னிரண்டு நாற்பது. சாப்பாட்டுத் தட்டோடு வந்து உட்காருவேன். நான் வாங்கிக் கொடுத்த மஞ்சள் மழைக்கோட்டு முனைக்கு வரும், சிக்னலில் நிற்கும், அடுத்த படத்தில் எதிர்ப்பக்கம் போயிருக்கும். மூன்று படம், மிஞ்சினால் நாலு. பிறகுதான் சாப்பிடுவேன். அம்மா போன பிறகு இந்த வீட்டில் நான் ஒருத்தரோடு சேர்ந்து சாப்பிட்டேன் என்றால் அது அப்படித்தான்.

அந்தப் பக்கத்தைத் திறந்த நாளிலிருந்து கம்ப்யூட்டரின் விசிறி கத்த ஆரம்பித்தது. மாவு மில் வைத்துவிட்டீர்களா என்று கம்பவுண்டர் இறங்கி வந்து கேட்டார். நான் தொழில்காரன் அல்லவா, விசிறிதான் பழுது என்று முடிவு கட்டிக் கழற்றினேன். தூசி தட்டினேன், எண்ணெய் விட்டேன், கடைசியில் புது விசிறியே போட்டேன். அதுவும் கத்தியது. மோட்டார் சூடானால் முதலில் அது இழுக்கிற லோடைப் பார், அப்புறம் மோட்டாரைத் தொடு என்று பட்டறையில் எத்தனை பேரைத் திட்டியிருப்பேன். என் வீட்டில் அது எனக்கே மறந்துபோயிற்று.

உன் கவசம் வந்து சிவப்பு காட்டியது. புறங்கையால் கம்ப்யூட்டர் பெட்டியின் சூட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு பக்கமாக மூடினேன். கேமரா பக்கத்தை மூடியதும் பெட்டி அடங்கியது. கவசம் அந்தத் திருட்டைத் தடுத்தால் பக்கத்தை நடத்துகிறவன் படத்தைக் காட்ட மாட்டேன் என்கிறான், கறுப்புச் சதுரம்தான். அதனால் அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் கவசத்தை அணைத்தேன். எடுத்துக்கொள்ளடா என்று விட்டுவிட்டேன். நோட்டில் பச்சை என்று எழுதி, உன்னிடமும் அப்படியே வாசித்தேன். உண்மையைச் சொன்னால் பக்கத்தை மூடச் சொல்வாய். அப்பா வேவு பார்க்கிறார் என்று வேறு தெரு வழியாகப் போனாலும் போவாய். அந்தப் பயம்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆறு வாரமாக எட்டு பத்துக்கு மஞ்சள் கோட்டு வரவில்லை.

முதல் வாரம் காய்ச்சலோ என்று நினைத்தேன். கேட்டால் நன்றாக இருப்பதாகச் சொன்னாய். குரல் கட்டியிருக்கிறதே, வெந்நீர் குடி என்றேன். இரண்டாவது வாரம் கோட்டை மாற்றிவிட்டாயோ என்று, வருகிற போகிற எல்லாருடைய உயரத்தையும் தோளையும் பார்த்தேன். அதே ஆறு வாரமாக நீ எத்தனை சிவப்பு என்று கேட்கவும் இல்லை. நானாக நோட்டை எடுத்தாலும் பேச்சை மாற்றுகிறாய். நோட்டை என்னவோ நான் நிரப்பிக்கொண்டுதான் இருக்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணி இருக்கும், உனக்கு அங்கே மதியம். பக்கம் திறந்தே கிடந்தது. மருந்துக்கடைக்கு எதிரே உள்ள பெஞ்சில் மஞ்சள் கோட்டு உட்கார்ந்திருந்தது. நீதானா என்று தெரிந்துகொள்ளப் போன் செய்தேன். ஒரு படத்தில் அந்தப் பெண் போனைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த படத்தில் போன் அவள் காதில் இருந்தது. நீ, "மீட்டிங்ல இருக்கேன்ப்பா, அப்புறம் கூப்பிடறேன்" என்றாய். சரிம்மா என்றேன். அதற்கடுத்த படத்தில் போன் மடியில் கிடந்தது.

பிறகு முக்கால் மணி நேரம் நீ எழுந்திருக்கவில்லை. மழை பிடித்தது. பக்கத்தில் இருந்தவர் எழுந்து போய்விட்டார். நீ கோட்டின் குல்லாவைக்கூட இழுத்துவிட்டுக்கொள்ளவில்லை. குல்லாவைப் போடு, குல்லாவைப் போடு என்று கம்ப்யூட்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். சத்தமாகத்தான் சொல்லியிருப்பேன் போல, கம்பவுண்டர் படியில் நின்று என்ன ஆச்சு என்று கேட்டார். டிவி என்றேன். அவர் போன பிறகு அழுதேன். உன்னிடம் சொல்ல என்ன வெட்கம், அழுதேன்.

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டுப் போய்ப் பார்த்தேன். மணி பன்னிரண்டு நாற்பது. முனையில் ஒரு நாயும் அதைப் பிடித்துக்கொண்டு ஒருவரும் நின்றார்கள். நீ இல்லை. தட்டை மூடி வைத்துவிட்டு வந்து தொடர்கிறேன்.

உன் வேலை போய்விட்டது என்று எனக்குத் தெரியும், சிட்டு. போகட்டும், வேலைதானே. ஒன்றுதான் என்னைக் குடைகிறது. நான் பொய்ப் பச்சை சொன்னதால் கவசத்தில் கோளாறு என்று பழி உன்மேல் வந்ததா? அப்படியானால் உன் மேலதிகாரிக்கு நானே எழுதுகிறேன், நோட்டையும் அனுப்புகிறேன். அந்தப் பக்கத்துக்கு நேரே பச்சையை அடித்துச் சிவப்பு என்று திருத்தியாயிற்று.

உன் அறையில் நான் போட்டு வைத்திருந்த கம்பிச் சுருள்களை எல்லாம் வெளியே எடுத்துவிட்டேன். ஒட்டடை அடித்தேன். சும்மாதான் அடித்தேன், வந்துவிடு என்று சொல்லவில்லை. அங்கேயே இருந்து வேறு வேலை தேடுவாய் என்றால் அதுவும் நல்லதுதான். ஆனால் தனியாகப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு என்னிடம் மீட்டிங் என்று சொல்லாதே. என்னால் தாங்க முடியவில்லை.

கடிதம் கிடைத்ததும் ஒரு காரியம் செய். மருந்துக்கடைப் பலகைக்கு மேலே ஒரு கம்பத்தில் கறுப்பாகக் கேமரா இருக்கும். ஒரு நாள் எட்டு பத்துக்கு அதன் எதிரே வந்து, தலையைத் தூக்கி ஒரு நிமிடம் நில். அப்போதுதான் இரண்டு படமாவது விழும். சிரிக்க வேண்டாம், கை அசைக்க வேண்டாம். முகத்தை மட்டும் பார்த்துக்கொள்கிறேன். அதன் பிறகு பக்கத்தை மூடிக் கவசத்தைப் போட்டுவிடுகிறேன், சத்தியமாக. அதுவரை விசிறி கத்தட்டும். பெட்டிதான் சூட்டில் எத்தனை நாள் தாங்கும் என்று தெரியவில்லை, நேற்று இரண்டு முறை தானாக அணைந்துவிட்டது. அதனால் சீக்கிரம் வா. முனைக்குத்தான் சொல்கிறேன்.

எங்கே இருந்தாலும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இரு, கண்ணு. மழை வந்தால் குல்லாவைப் போட்டுக்கொள்.

உன்
அப்பா