தகடு என் கைப்பையில்

வெர்லின்,

அடுப்பில் பீன்ஸ் சூப் இருக்கிறது, சூடாக்கிக் கொட்டிக்கொள். சாப்பாட்டு மேசையில் கிடந்த உன் கார்புரேட்டரை நாய்க் கூண்டுக்குள் போட்டுவிட்டேன்.

செத்துப்போன என் அண்ணன் கிளைடின் காமரோ காரை மறுபடி ஓடவைக்கிறேன் என்றுதான், உதிரிபாகத்துக்காக இன்னொரு பழைய காமரோவை வாங்கி வந்தாய். நேற்று கொட்டகைக்குள் போய்ப் பார்த்தேன். துண்டுதுண்டாகக் கிடப்பது அண்ணன் கார். வாங்கி வந்த கார் பளபளவென்று நிற்கிறது, அண்ணன் காரின் சேசிஸ் நம்பர் தகட்டோடு! கேட்டால், "உங்கண்ணன் காரு முழுக்கத் துருடி. தகடு எதுல இருக்கோ அதுதான் கிளைட் காரு" என்று இளிக்கிறாய்.

தகட்டை நெம்பி எடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பழைய கார் கண்காட்சியில் அதை யார் கார் என்று சொல்லி நிறுத்துவாய், பார்க்கிறேன். நான் டோலிடோவில் அக்கா வீட்டுக்குப் போகிறேன். போன் பண்ணாதே.

லுவெல்லா

நாய்க்கு சூப் ஊற்றாதே, அதற்கு ஒத்துக்கொள்ளாது.

இன்னொன்று. சூப் பாத்திர மூடிமேல் என் கல்யாண மோதிரம் இருக்கிறது. உன் நியாயப்படி, அதை எவள் விரலில் மாட்டுகிறாயோ அவள்தான் உன் பெண்டாட்டி.