கடன் உத்தரவு வரும் முன்

திருத்தணி
4-3-1979

பாவாவுக்கு ஜெயம்மாள் வணக்கத்துடன் எழுதுவது. நானும் நம் மகள் பத்மாவும் சுகம். உங்கள் இருமல் தேவலையா?

நம் வீட்டை வாங்கத் தறிக்காரர் வீரபத்திரன் வந்தார். நைனா என் பேருக்கு எழுதிவைத்த வீடு, கையெழுத்து நான்தான் போட வேண்டும். பத்திரம் எழுதுகிற சுப்பிரமணி ஐயா கேட்டார்: "அரக்கோணத்து ஊட்ட வாங்கறதுக்கு லோன் உத்தரவு கைல வந்துட்ச்சாம்மா? அது வராம இத வித்துட்டு எங்க போய் நிப்ப?" எனக்கும் அதே பயம்தான். உங்கள் மில் சொஸைட்டியின் கடன் உத்தரவை அனுப்பிவையுங்கள். உடனே கையெழுத்துப் போடுகிறேன்.

உங்கள்
ஜெயம்மாள்

பெங்களூர்
11-3-1979

அன்புள்ள ஜெயாவுக்கு,

உத்தரவு இந்த வாரமோ அடுத்த வாரமோ வந்துவிடும். செக்ரட்டரியே தோளில் தட்டிச் சொன்னார். ரெபேக்காள் அம்மாள் அரக்கோணம் வீட்டை நமக்காக எத்தனை நாள் நிறுத்திவைப்பார்? நீ முன்பணம் வாங்கி டிராப்ட் எடுத்து அனுப்பு. அவரிடம் நானே கட்டிவிடுகிறேன். அங்கே குடிபோய்விட்டால் சனிக்கிழமைதோறும் ரயிலேறி வந்துவிடுவேன். என்மேல் நம்பிக்கை இல்லையா?

இனி மில்லுக்கு எழுதாதே. என் சிநேகிதன் நாகராஜன் அறை விலாசத்துக்கு எழுது.

கோதண்டபாணி

திருத்தணி
2-4-1979

பாவாவுக்கு,

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, டிராப்ட் அனுப்பிப் பத்து நாளாகிறது. கிடைத்ததென்று ஒரு வரி இல்லை. மே பத்தாம் தேதி வீட்டைக் காலி செய்ய வேண்டும். நேற்று நான் சமைத்துக்கொண்டிருக்கும்போதே வீரபத்திரன் ஆளோடு வந்து அடுப்படிச் சுவரை அளந்தார். "நாம எங்கம்மா போறோம்?" என்கிறாள் பத்மா.

சொஸைட்டிக்கு நானே எழுதிக் கேட்கப்போகிறேன். கோபிக்க வேண்டாம்.

ஜெயம்மாள்

திருத்தணி
5-5-1979

கோதண்டபாணி அவர்களுக்கு,

சொஸைட்டியிலிருந்து பதில் வந்தது. டிசம்பரிலேயே வேலையை விட்டுவிட்டீர்களாம். கடனுக்கு மனுவே போடவில்லையாம். பொங்கலுக்கு வந்து மில் கதைகளைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னீர்களே. நாங்களும் சிரித்தோம்.

அரக்கோணம் போனேன். "எங்கிட்ட யாரும் அட்வான்ஸ் குடுக்கலியேம்மா. அந்த ஊட்ட போன மாசமே வித்துட்டேன்" என்றார் ரெபேக்காள் அம்மாள். வீரபத்திரனிடம் அழுதேன். "முன்பணத்தத் திருப்பிக் குடும்மா, ஒப்பந்தத்தக் கிழிச்சிப் போட்டுடறேன்" என்றார். நான் எதைக் கொடுப்பேன்?

பத்தாம் தேதி பத்திரம் பதிவாகிறது. மீதிப் பணத்தைப் பத்மா பேரில் போட்டுவிடுவேன். வாடகைக்கு ஓர் அறை பார்த்துவிட்டேன்.

அதன் விலாசத்தை இதில் எழுதவில்லை.

ஜெயம்மாள்