கன்னத்து மை

1968 நவம்பர் 12, செவ்வாய்

பக்கத்து வீட்டுச் சரசுவின் நாலு மாசக் குழந்தை போய்விட்டது. ராத்திரி பால் குடித்துத் தூங்கியது, காலையில் எழவில்லை.

தூக்கிக்கொண்டு என்னிடம்தான் ஓடிவந்தாள். கன்னத்தைத் தொட்டேன். ஜில்லிட்டிருந்தது.

"டாக்டரம்மா, ஜுரம்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. உச்சிப் பொழுதுக்குள்ள அடக்கம் பண்ணிடறோம். பச்சைப் புள்ளைய அறுக்க விடாதீங்க" என்று அவள் புருஷன் கெஞ்சினான்.

காரணம் தெரியாத சாவு, போலீசுக்குச் சொல்லியே ஆகவேண்டும், சட்டம் அப்படி என்றேன். தாய்தான் புரண்டு படுத்துக் கொன்றாள் என்று நாளைக்கு எவளும் சரசுவைப் பேசிவிடக் கூடாதே என்றும் சொன்னேன். யார் காதில் வாங்கினார்கள்? போலீசுக்கு நானே ஆள் அனுப்பினேன்.

சாயங்காலம் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். அறுத்துப் பார்த்தும் ஒரு காரணமும் தெரியவில்லையாம். கூட்டத்தில் எனக்கு யாரும் வழிவிடவில்லை. இந்தத் தெருவில் என்னோடு பேசுகிறவளே சரசு ஒருத்திதான். அவள் துணியை விலக்கி முகத்தைப் பார்த்தாள்.

"கன்னத்துல நான் வச்ச திருஷ்டிப் பொட்டை யாரு அழிச்சது?"

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்ட பிறகுதான் பார்த்தேன். என் வெள்ளைப் புடவைத் தலைப்பில், காலையில் விரலைத் துடைத்த இடத்தில், மை.

புடவையை இன்னும் மாற்றவில்லை.