குறிஞ்சாவும் ஒரு சிட்டிகை சீனியும்

நவம்பர் 11, செவ்வாய்

காலையில் இருந்து தூறல். வேலிகளில் குறிஞ்சாக் கொடி தளிர்த்திருக்கும், நல்லது.

வெள்ளி மத்தியானம் குடிபுகுதல் வீட்டுக்கு நாற்பது சாப்பாடு. பருப்பு, பூசணி, கத்தரிக்காய்ப் பால்கறி, குறிஞ்சா வறை, பாயசம். இலையை அரிந்து தேங்காய்ப்பூவோடு வறுக்கும் அந்த வறை, அந்த வீட்டு அம்மா விரும்பிக் கேட்டது.

பெருங்குறிஞ்சாதான் (பெ.கு.) வேண்டும். சிறுகுறிஞ்சா (சி.கு.) கலந்தால் போச்சு, நாக்கில் இனிப்பே தெரியாது, பாயசம் வெறும் பால். முற்றிய இலையை அகலம் பார்த்துப் பிரிக்கலாம். கொழுந்தில் இரண்டும் ஒன்றுபோல. மென்றுவிட்டு நாக்கில் சீனி வைப்பதுதான் என் வழி. இனித்தால் பெ.கு., மண் மாதிரி இருந்தால் சி.கு.

தேங்காய் எட்டு. வாழையிலைக்குச் சொல்லியாச்சு.

நவ. 12, புதன்

மருதனார்மடம் சந்தை. இலை விற்கும் கமலாக்காவிடம் மூன்று பிடி. வீட்டில் மென்று பார்த்தேன். சீனி மண். மூன்று பிடியும் அப்படித்தான். கசப்புக்கூடக் குறைவு, மழை இலை என்பதாலாக்கும். எத்தனை வருடப் பழக்கம், எனக்கே இப்படியா?

எங்கள் வேலியிலும் ஆய்ந்து பார்த்தேன். அதுவும் மண். ஊரெல்லாம் சி.கு. ஆகிவிட்டதா? எரிச்சல். என் வீட்டுக்காரர் சாப்பிடும்போது உப்புப் போத்தலைத் தேடினார். அதற்கும் ஏசினேன்.

நவ. 13, வியாழன்

மழை விட்டது. இலையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். சந்தை நடுவில் சத்தம் போட்டது உண்மை.

"அக்கா, உது சிறுகுறிஞ்சா. என்னைப் பேய்ச்சி எண்டு நினைச்சியளோ?"

கமலாக்கா இலையை வாங்கினார். அதே பிடியில் ஒரு கொழுந்தை மென்றார். தேத்தண்ணிக் கடையில் சீனி வாங்கி வாயில் போட்டார்.

"எனக்கு இனிக்குது பிள்ளை. நீ இலை சப்பாமல் சீனியை மட்டும் போட்டுப் பார்."

போட்டேன். மண்.

"காய்ச்சல் கீய்ச்சல் வந்ததோ?" என்று கேட்டார். போன மாதம் வந்தது. இலையைத் திரும்ப என் பைக்குள் வைத்துவிட்டார். மன்னிப்புக் கேட்கவும் விடவில்லை.

சமைத்துப் பிழைப்பவளின் நாக்கு. பயமாக இருக்கிறது. போன கிழமை இரண்டு வீடுகள் என்னிடம் எடுக்கும் சாப்பாட்டை நிறுத்தியது இதனால்தானா? திங்கள் டொக்டர்.

வீட்டுக்கு வந்து இவரைக் கேட்டேன்.

"மூண்டு கிழமையா கறியிலை உப்பில்லை. தேத்தண்ணி சீனிப்பாணி மாதிரி."

"ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா நீர் கோவிப்பீர்."

கோபம் வந்தது. அவர்மேல் இல்லை.

நவ. 14, வெள்ளி

வெயில். வறைக்குக் கமலாக்காவின் இலைதான். உப்புப் பார்க்க ஒவ்வொரு கறிக்கும் இவரைக் கூப்பிட்டேன். இருபத்தேழு வருடத்தில் என் சட்டியில் கரண்டி விட யாரையும் விட்டதில்லை. மனிதர் பயந்து பயந்து நக்கினார்.

கடைசியாகப் பாயசம்.

"இன்னும் ஒரு சிறங்கை சீனி போடவேணும்" என்றார்.

என் அளவுப்படி சரியாகத்தான் போட்டிருந்தேன். வாதாட வாயெடுத்தேன். பிறகு சீனிப் போத்தலை அவர் கையில் கொடுத்துவிட்டு, அடுப்படியை விட்டுத் தள்ளி நின்றேன்.